ஷோகேஸிலிருந்து ஸ்பீக்கரை இறக்குங்கள்

(செகண்ட்ஹேண்ட் ஸ்டீரியோ: வாசகர் கேள்வி பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி "அடுத்து என்ன வாங்கலாம்?" ரகம். அவற்றை ஒதுக்கிவிட்டேன். வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, 'இதற்கா இவ்வளவு காசு?' என்று முழிப்பவர்களின் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். வாங்கப் போகும் ஒருவரையும் சேர்த்திருக்கிறேன். அவர் கேட்டது அவசரமான கேள்வி.

கேள்வி: ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது அவரிடமிருந்து ஹார்பெத் கம்பாக்ட் 7 ஸ்பீக்கர் ஜோடியும் குவாட் 405 பவர் ஆம்பும் வாங்கினேன். சேமிப்பில் பெரிய துண்டு போய்விட்டது. ஹாலில் டிவி ஷோகேஸின் இரண்டு பக்கத் தட்டுகளிலும் ஸ்பீக்கரைப் பொருத்திவைத்திருக்கிறேன். பாடுகிறவர் குடத்துக்குள் இருந்து பாடுவது மாதிரி இருக்கிறது. பேஸ் ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் 'தொம்' என்று வீங்குகிறது, மற்றதில் ஆளே இல்லை. ஆம்பை மாற்றிவிடலாமா? ஹால் 20 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. கிரானைட் தரை. (கோவை வாசகர்)

பதில்: ஆம்பைத் தொடாதீர்கள் சார். முதலில் அந்த ஸ்பீக்கர்களை ஷோகேஸிலிருந்து இறக்குங்கள்.

உங்கள் கையில் இருப்பது பிபிசி வழிவந்த பெட்டி. பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த டட்லி ஹார்வுட் 1977இல் தொடங்கிய கம்பெனி ஹார்பெத். ஹார்வுட்டில் பாதி, அவர் மனைவி எலிசபெத்தில் பாதி, அப்படி வந்த பெயர். பெட்டியின் பக்கவாட்டுப் பலகையை முட்டியால் தட்டிப் பாருங்கள், மெல்லியதாக இருக்கும். அது சிக்கனம் இல்லை. பலகையை மெல்லியதாக வைத்து, உள்ளே அதிர்வைத் தணிக்கும் பொருளை ஒட்டி, அதன் அதிர்வைக் காதுக்கு உறுத்தாத பகுதிக்கு இறக்கிவிடுவதுதான் அந்தப் பள்ளியின் கணக்கு. அதைச் சிமெண்ட் தட்டில், மூன்று பக்கமும் சுவர் நெருக்க, மேலே இன்னொரு தட்டு மூட வைத்தால் கணக்கு மொத்தமும் கெடும். குடச் சத்தம் பாடகருடையதல்ல, ஷோகேஸுடையது.

கோவையில் பட்டறைக்கா பஞ்சம்? ஒரு அங்குலச் சதுர பைப்பில் நான்கு கால் வைத்து, மேலே பலகை எதுவும் போடாமல் வெறும் பிரேமாக இரண்டு ஸ்டாண்டு அடிக்கச் சொல்லுங்கள். உயரத்தை என்னிடம் கேட்க வேண்டாம். சோபாவில் உட்கார்ந்து, தரையிலிருந்து உங்கள் காதுவரை டேப் பிடிக்கச் சொல்லுங்கள். ட்வீட்டர், அதாவது மேல் ஸ்தாயியைத் தரும் சின்ன ஸ்பீக்கர், அந்த மட்டத்துக்கு வரவேண்டும். பெட்டி 52 சென்டிமீட்டர் உயரம், ட்வீட்டர் மேல்பகுதியில். கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் 19, 20 அங்குல ஸ்டாண்டு வரும். பெட்டிக்கும் இரும்புக்கும் நடுவே நான்கு மூலையிலும் சின்ன ரப்பர் துண்டு போதும்.

இனி ஹால். நீங்கள் கொடுத்த அளவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும். எந்த அறையிலும் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சில சுரங்கள் சிக்கிக்கொண்டு நின்று ஒலிக்கும். ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்கு சுமார் 343 மீட்டரை, சுவர் இடைவெளியின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்தச் சுரத்தின் அதிர்வெண் வந்துவிடும். 10 அடி என்பது 3.05 மீட்டர், கிடைப்பது 56 ஹெர்ட்ஸ். உங்கள் ஹாலின் அகலம் 10, உயரம் 10. இரண்டும் அதே 56இல் விழுகின்றன. நீளம் 20 அடி. அதன் முதல் சுரம் 28, இரண்டாவது மறுபடியும் 56. மூன்று திசையும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஆடுகின்றன. பேஸ் கிடாரில் ஏ கம்பியைச் சும்மா மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். எண்பதுகளின் சினிமாப் பாட்டைப் போட்டீர்களானால் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் ஹால் கூடவே சேர்ந்து பாடும். அதுதான் உங்கள் 'தொம்'.

சுவரை இடிக்க வேண்டியதில்லை. நிற்கும் சுரத்துக்கு அறையிலேயே செத்த இடங்களும் உண்டு. நீளவாக்கில் அந்த 56 ஹெர்ட்ஸ், முன்சுவரிலிருந்து 5 அடியிலும் பின்சுவரிலிருந்து 5 அடியிலும் அநேகமாகக் காதில் விழாது. பின்சுவரை ஒட்டினாலோ அங்கேதான் அது உச்சத்தில் இருக்கும். நம் வீடுகளில் சோபா எங்கே இருக்கும்? பின்சுவரை ஒட்டித்தான். ஆகவே 10 அடிச் சுவர்ப் பக்கம் ஸ்பீக்கர்களை வையுங்கள், எதிரே சோபாவை இழுத்து, உங்கள் தலை பின்சுவரிலிருந்து 5 அடியில் வரும்படி போடுங்கள். பக்கவாட்டில் நட்டநடுவில் உட்காருங்கள். அகலத்தின் 56 அங்கே அடங்கிவிடும். ஸ்பீக்கர்கள் முன்சுவரிலிருந்து 5 அடி வெளியே வந்தால் உத்தமம். வீட்டில் நடமாட இடம் வேண்டும் என்று சண்டை வந்தால் 3 அடிக்குப் பின்வாங்குங்கள். உயரத்தின் 56ஐ ஒன்றும் செய்ய முடியாது, அது கொஞ்சம் மிச்சம் இருக்கும். 28 ஹெர்ட்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம், அந்த ஆழத்துக்கு உங்கள் ஸ்பீக்கர் இறங்காது.

பக்கச் சுவரிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் 2 அடி தள்ளி இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே 6 அடி கிடைக்கும். நீங்கள் 10 அடி தூரத்தில் உட்காருவதால் மேடை, அதாவது பாடுகிறவர்கள் எதிரே பரந்து நிற்பது போன்ற தோற்றம், கொஞ்சம் குறுகலாகத் தெரியும். வீங்கிய பேஸைவிட குறுகிய மேடை மேல் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்து கிரானைட். ஹால் நடுவில் நின்று ஒருமுறை ஓங்கிக் கைதட்டுங்கள். 'டர்ர்' என்று ஒரு வால் நீண்டு வரும். அந்த வால்தான் ஒவ்வொரு பாட்டிலும் 'ஸ', 'ச' எழுத்துக்களின் மேல் ஒட்டிக்கொண்டு காதைக் கிழிக்கிறது. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே கனமான பவானி ஜமுக்காளம் ஒன்றை விரியுங்கள். கோவைக்காரருக்கு அது பக்கத்து ஊர்ச் சரக்கு. இரட்டையாக மடித்துப் போட்டால் இன்னும் நல்லது. பத்தமடைப் பாய் அழகாக இருக்கும், ஆனால் இந்த வேலைக்கு மெலிசு. அப்புறம் பக்கச் சுவர். நீங்கள் சோபாவில் உட்காருங்கள். வீட்டில் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி, காது உயரத்தில் நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அந்த இடத்தில் பட்டுத்தான் சத்தம் உங்களுக்கு இரண்டாம் முறை வருகிறது. அங்கே புத்தக அலமாரியோ தடிமனான திரையோ வந்தால் பாதி வேலை முடிந்தது. ஜமுக்காளமும் திரையும் மேல் ஸ்தாயியைத்தான் குடிக்கும், பேஸைத் தொடாது. பேஸுக்கு மூலையில் ஏதாவது வைத்தே ஆகவேண்டும் என்றால், பரணில் கிடக்கும் பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்துங்கள். பார்க்க நன்றாக இருக்காது, பலன் கொஞ்சம் இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு பழைய மோனோ பாட்டைப் போடுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவே, பெட்டி எதுவும் இல்லாத வெற்றிடத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் ஹால் முழுக்கப் பரவி, பேஸும் சூம்பிப்போயிருந்தால், ஒரு பக்க வயர் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஆம்பை அணைத்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் மாற்றிப் போடுங்கள்.

அதே வாசகரின் இரண்டாம் கேள்வி: வால்யூமைத் துளி திருப்பினாலே அலறுகிறது. ஆம்ப் பவர் ரொம்ப அதிகமோ?

பதில்: பவர் 100 வாட்தான். குவாட் 405 வந்தது 1975இல், சிடி பிளேயர் பிறப்பதற்கு முன்னால். அரை வோல்ட் உள்ளே வந்தாலே முழு 100 வாட்டையும் கொடுத்துவிடும். இன்றைய டிஏசியும் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் பெட்டி) சிடி பிளேயரும் 2 வோல்ட் தள்ளுகின்றன. நான்கு மடங்கு, அதாவது 12 டெசிபல் மிச்சம். அதனால் வால்யூம் கண்ட்ரோலின் முதல் கால்பங்கிலேயே மொத்த வாழ்க்கையும் முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில்தான் பல கண்ட்ரோல்களில் இடது வலது பொருந்தாது, குரல் ஒரு பக்கம் சாயும்.

பவர் ஆம்பின் வாசலில், ஒவ்வொரு சேனலுக்கும் 10 கே ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டு, ஆம்ப் பக்கத்திலிருந்து கிரவுண்டுக்கு 3.3 கே ஓம் ஒன்றைக் கட்டுங்கள். ஒரு சதவீத மெட்டல் பிலிம் ரெசிஸ்டர் சில ரூபாய்தான். சுமார் 13 டெசிபல் இறங்கும். கண்ட்ரோல் நடுப்பகுதிக்கு வந்துவிடும், பின்னணி 'ஸ்ஸ்' சத்தமும் குறையும். சாலிடர் பிடிக்கத் தெரிந்த பையன் யாராக இருந்தாலும் அரை மணி நேரத்தில் செய்துகொடுப்பான்.

கேள்வி: சான்சுயி இன்டக்ரேட்டட் ஆம்ப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஜப்பான் உள்நாட்டு மாடல், 100 வோல்ட். "ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும்" என்கிறார் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பணம் கொடுக்கிறேன். என்ன பார்க்க வேண்டும்? (சென்னை, பெரம்பூர் வாசகர்)

பதில்: தம்பி, பணத்தோடு ஒரு மல்ட்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஸ்பீக்கரை மாட்டாமல், வால்யூமைச் சுழியில் வைத்து, ஆம்பை ஆன் செய்து பத்து நிமிஷம் விடுங்கள். டீ வாங்கித் தரச் சொல்லுங்கள். பிறகு மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் டெர்மினலின் சிவப்பிலும் கறுப்பிலும் தொடுங்கள். 50க்குள் இருந்தால் சரி. 100ஐத் தாண்டினால் சர்வீஸ் செலவு காத்திருக்கிறது, விலையில் பேசுங்கள். வோல்ட் கணக்கில் காட்டினால் அந்த ஆம்ப் உங்கள் வூஃபரின் (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) காயிலைச் சுட்டுவிடும், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். வால்வ் ஆம்பிலும், குவாட் 303 மாதிரி வெளியீட்டில் கப்பாசிட்டர் வைத்தவற்றிலும் இந்தச் சோதனை எதையும் காட்டாது. எல்லாம் சுழியாகத்தான் வரும்.

அப்புறம் ஸ்பீக்கரை மாட்டி, மிக மெல்லிய சத்தத்தில் கேளுங்கள். கடைக்காரர்கள் சத்தமாகத்தான் போட்டுக் காட்டுவார்கள், அதற்குக் காரணம் உண்டு. ஸ்பீக்கர் ரிலேயின் (ஆம்பையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) முனைகள் கறுத்துப்போயிருந்தால் மெல்லிய சத்தத்தில் ஒரு பக்கம் மங்கும் அல்லது காணாமல் போகும். வால்யூமைக் கூட்டியதும் திரும்ப வந்துவிடும். ரிலே மாற்றுவது சின்ன வேலை. ஆனால் இது தெரியாமல் 'ஒரு சேனல் போச்சு' என்று ஆம்பையே பிரித்து மேய்ந்தவர்களை நான் சர்வீஸ் பெஞ்சில் நிறையப் பார்த்திருக்கிறேன். நாப் எல்லாவற்றையும் முழுக்க ஒருமுறை திருப்பிப் பாருங்கள். கரகரத்தால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் போதும்.

மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே ஒரு பதில். முதலில் மூக்கை வையுங்கள். எரிந்த பிசின் வாடை வருடக்கணக்கில் போகாது. ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருக்கின்றனவா? பலர் கை பட்டிருக்கிறது. ஹீட்சிங்கில் இருக்கும் பவர் டிரான்சிஸ்டர்கள் நான்கிலும் ஒரே மாதிரி அச்சு, ஒரே பழுப்பு என்றால் நிம்மதி. மூன்று மங்கி ஒன்று மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்தால், எங்கே வாங்கினது என்று கேளுங்கள். பழைய ஜப்பான் பார்ட் நம்பர்களில் சந்தையில் போலி ஏராளம், வெளியே அதே எழுத்து, உள்ளே குட்டிச் சிலிக்கான்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு வருவோம். கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 230இலிருந்து 110. உங்களுக்கு வேண்டியது 100. "பத்து வோல்ட்தானே" என்பார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பல தெருக்களில் 245 வரும். அப்போது அந்த டிரான்ஸ்ஃபார்மர் 117 வோல்ட் கொடுக்கும். 100 வோல்ட்டுக்குக் கட்டின பெட்டி, நாற்பது வருஷக் கப்பாசிட்டர்களோடு அதைத் தாங்க வேண்டும். 230க்கு 100 என்று ஆர்டர் கொடுத்து வைண்டிங் செய்யச் சொல்லுங்கள். பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் வாட்டைப்போல இரண்டு மடங்கு விஏ (டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் அளவு) கேளுங்கள். ஆம்பின் தட்டைப் பின்னை மட்டும், வீட்டில் யாரும் அடாப்டர் போட்டு நேராகச் சுவரில் செருக முடியாதபடி, அந்த டிரான்ஸ்ஃபார்மரோடு நிரந்தரமாகக் கட்டிவிடுங்கள். 100 வோல்ட் பெட்டிகள் நம் ஊரில் சாவது பெரும்பாலும் வயதால் இல்லை, வேலைக்கு வந்த பெயிண்டர் பிளக்கை மாற்றிச் செருகுவதால்.

வீட்டுக்கு வந்ததும் முதல் தடவை, 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்ட சீரீஸ் போர்டு வழியாக ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்ல சகுனம். முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே அணையுங்கள்.

கேள்வி: வூஃபரைச் சுற்றியிருக்கும் ஸ்பாஞ்ச் வளையம் விரலால் தொட்டாலே உதிர்கிறது. அமெரிக்க ஸ்பீக்கர். மைக்செட் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவர், "இதெல்லாம் கிடைக்காது, வேறு வூஃபர் போட்டுடலாம், இல்லேன்னா துணி எட்ஜ் வெச்சுத் தரேன், ஆயுசுக்கும் போகாது" என்கிறார். (மதுரை வாசகி)

பதில்: இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. அவர் கெட்டவர் இல்லை. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவருக்கு அது சரியான வைத்தியம். உங்களுடையது வேறு வியாதி.

அந்த வளையம் பாலியூரித்தேன் நுரை. நம் வெக்கையிலும் ஈரத்திலும் பத்து, பதினைந்து வருஷத்தில் தானாகப் பொடிந்துவிடும், பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும். வூஃபரின் கோனும் காயிலும் காந்தமும் நன்றாகவே இருக்கும். வளையம் மிருதுவாக இருப்பதால்தான் கோன் முன்னும் பின்னும் தாராளமாக அசைந்து கீழ் ஸ்தாயியைத் தருகிறது. மடிப்பு மடிப்பான விறைப்புத் துணியைப் போட்டால் கோன் இறுகிவிடும், வூஃபரின் இயல்பான அதிர்வெண் மேலே ஏறிவிடும், பேஸ் போய்விடும். பெட்டியின் அளவும் கிராஸ்ஓவரும் (பேஸையும் மேல் ஸ்தாயியையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) பழைய வூஃபருக்காகக் கணக்கிடப்பட்டவை. அதனால் 'இதைவிடப் பெரிய வாட்' வூஃபர் போடுவதும் தப்பு.

மாடல் பெயரையும், கோனின் வெளிவிட்டத்தையும், கூடையின் (கோனைத் தாங்கும் சட்டம்) உள்விட்டத்தையும் அளந்து சொன்னால் நுரை வளையம் மட்டும் தனியாக ஆன்லைனில் கிடைக்கும். ஒட்டுகிறவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "காயில் நடுவில் நிற்க என்ன செய்வீர்கள்?" நடுவில் உள்ள தூசி மூடியைப் பிரித்து, காயிலைச் சுற்றி மெல்லிய பிலிம் துண்டுகளைச் செருகி நிறுத்தி ஒட்டுவேன் என்றாலோ, பேட்டரியோ மெல்லிய ஹம்மோ கொடுத்து உரசுகிறதா என்று காதால் பார்த்துக்கொண்டே ஒட்டுவேன் என்றாலோ, அவர் வேலை தெரிந்தவர். "கண்ணளவுதான்" என்றால் வேறு ஆள் பாருங்கள். ஒன்று நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

உங்களுடையது ஜேபிஎல் என்றால் இன்னொரு சேதி. 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் சிவப்பில் தொட்டால் கோன் வெளியே வரவேண்டும் என்பது பொது விதி. பழைய ஜேபிஎல்லில் உள்ளே போகும். அது பழுது அல்ல, அவர்கள் அப்போது வைத்திருந்த வழக்கம். ரிப்பேர்க்காரர் அதைத் 'திருத்தி' வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒசாகாவில் ஒருவரிடமிருந்து பழைய பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் வரவழைத்தேன். டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் ஓட்டுகிறேன். பாட்டு எல்லாம் தூங்கி வழிகிறது. புது பெல்ட் மாற்றியும் அப்படியே. (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், ஒசாகா பக்கம் 60. ஒரே நாடு, இரண்டு மின்சாரம். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் ஹெர்ட்ஸைப் பிடித்துத்தான் சுற்றும். 60க்குச் செய்த கப்பியை உங்கள் ஊர் 50இல் ஓட்டினால் நிமிஷத்துக்கு 33 1/3 சுற்றுக்குப் பதில் 27.8தான் வரும்.

சங்கீதக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய மூன்று அரைச் சுரம் இறக்கம். ஐந்து கட்டையில் பாடிய அம்மையார் உங்கள் வீட்டில் மூன்று கட்டையில் பாடிக்கொண்டிருப்பார். சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்தால் பத்து நொடியில் தெரிந்துவிடும்.

மோட்டார் தண்டில் இருக்கும் பித்தளைக் கப்பியைக் கழற்றி, 50 ஹெர்ட்ஸ் கப்பி போட வேண்டும். விட்டம் ஐந்துக்கு ஆறு என்ற விகிதத்தில் பெரிதாக இருக்கும். அந்த மாடலுக்குக் கம்பெனியே இரண்டு ரகமும் செய்திருக்க வாய்ப்புண்டு. அதே விற்பனையாளரிடம் டோக்கியோ பக்கக் கப்பி கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் 60 ஹெர்ட்ஸை உண்டாக்கித் தரும் தனி மின்பெட்டிகள் உண்டு, விலை கடிக்கும். கோல்மன் ஸ்ட்ரீட் அடெல்ஃபி கட்டடத்து ஆடியோ கடைகளில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். அடுத்த முறை இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 மாதிரி குவார்ட்ஸ் லாக் டைரக்ட் டிரைவ் வாங்குங்கள். வோல்ட்டைச் சரிசெய்தால் போதும், ஹெர்ட்ஸ் அதற்கு ஒரு பொருட்டில்லை.

கேள்வி: ஸ்பீக்கர் வயர் மட்டும் முப்பதாயிரம் சொல்கிறார்கள். வாங்கினால் வித்தியாசம் தெரியுமா? (திருச்சி வாசகர்)

பதில்: கடைக்காரருக்குத் தெரியும். ஹவுஸ் வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு மல்ட்டி ஸ்ட்ராண்ட், 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர 10 மீட்டர். மொத்தத் தடை 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. மெல்லிய 0.75 என்றால் 0.23 ஓம் ஆகும், அதைத் தவிருங்கள். முனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பச்சை ஏறிய பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி முறுக்குங்கள். கடலோர ஊர்க்காரர்கள் இன்னும் அடிக்கடி.

கேள்வி: டிடிஹெச் பெட்டியை ஆம்போடு இணைத்த நாளிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு ஹம். எலக்ட்ரீஷியன் ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டினால் நின்றுவிடும் என்கிறார். (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: நின்றுவிடும், ஒருநாள் நீங்களும் நின்றுவிடுவீர்கள். உலோகப் பெட்டிக்குள் பழைய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. எர்த்தை வெட்டவே கூடாது.

முதலில் மாடி ஆன்டெனாவிலிருந்து வரும் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால், எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது என்று பொருள். பெட்டிக்கும் ஆம்புக்கும் நடுவே ஆப்டிகல் கேபிள் போட வழி இருந்தால் அதோடு கதை முடிந்தது, ஒளி போகும் இழையில் எர்த் போகாது. இல்லாவிட்டால் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போடுங்கள். ஆம்ப், டிவி, டிடிஹெச் எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுங்கள். கோடையில் மட்டும் ஹம் கூடுகிறது என்றால் வீட்டு எர்த் குழி காய்ந்திருக்கும். நான்கு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ஹம் என்றால் அது சதுர அலை இன்வெர்ட்டர். கரண்ட் வரும்வரை பாட்டை நிறுத்திவைக்க வேண்டியதுதான்.

கேள்வி: அப்பாவின் எல்பிக்களோடு தாத்தாவின் கனமான 78 சுற்றுத் தட்டுகளும் கிடைத்தன. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? புது டர்ன்டேபிளை ஆம்பின் 'ஆக்ஸ்' துளையில் செருகினேன், சத்தம் கொசு மாதிரி வருகிறது. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: 78க்கு ஸ்பிரிட் படவே கூடாது. அது அரக்குத் தட்டு, ஸ்பிரிட்டில் கரையும். டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மிருதுவான துணி, பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து உடனே உலர்த்துங்கள். நடு லேபிள் நனையக் கூடாது. எல்பியின் ஊசியை 78இல் வைக்காதீர்கள். 78க்கு சுமார் 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முனை, எல்பிக்கு 0.7 மில். சின்ன ஊசி பெரிய பள்ளத்தின் அடியில் குப்பையை உழுதுகொண்டு போகும். பல கார்ட்ரிட்ஜ்களுக்கு (ஊசியைத் தாங்கும் தலை) 78 ஊசி தனியாகக் கிடைக்கிறது, இழுத்துக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

கொசுச் சத்தத்துக்குக் காரணம், கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். போதாததற்கு, தட்டில் வெட்டும்போதே பேஸைக் குறைத்து மேல் ஸ்தாயியைக் கூட்டி வெட்டியிருப்பார்கள். அதை நேர்செய்ய ஆம்பில் 'ஃபோனோ' துளை வேண்டும், அல்லது தனி ஃபோனோ ப்ரீஆம்ப். 78களில் பெரும்பாலானவை அந்த எல்பி விதி வருவதற்கு முன் வெட்டப்பட்டவை, அதனால் ட்ரெபிளை உங்கள் காதுக்கு ஏற்பக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளுங்கள். டர்ன்டேபிள் செகண்ட்ஹேண்ட் இல்லையென்றாலும் ஊசி எடையைத் தராசில் பாருங்கள். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம். லேசாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. ஊசி துள்ளித் துள்ளிப் பள்ளத்தின் சுவரைக் கொத்துவது அப்போதுதான்.

கேள்வி: என் கணவர் பெட்டிகளைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வைத்திருக்கிறார். வீடு கூட்ட முடியவில்லை. சுவரோடு ஒட்டி வைக்கும் நல்ல ஸ்பீக்கரே உலகத்தில் இல்லையா? (கரூர் வாசகி)

பதில்: இருக்கிறது. லின் கான் சுவரை ஒட்டி வைப்பதற்கென்றே வடிவமைத்தது, நெய்ம் எஸ்பிஎல்லும் அப்படியே. ஆடியோ நோட் ஏஎன்-இ மூலையிலேயே உட்காரும். மூன்றும் செகண்ட்ஹேண்டில் வருகின்றன. மலிவு இல்லை என்பதை மட்டும் அவர் சொல்லட்டும், நான் சொல்லவில்லை. அதுவரை ஸ்டாண்டின் நான்கு காலும் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடச் சொல்லுங்கள். கூட்டும்போது சுவரோடு தள்ளிவிட்டு, அவர் பாட்டுக் கேட்கும்போது அதே டேப்புக்கு இழுத்துக்கொள்ளலாம். இழுக்கிற வேலை அவருடையது.